கர்ப்ப காலத்தில் ரூபெல்லா: பாதுகாப்பு நிக்காஹ்வுக்கு முன்பே தொடங்கட்டும்

குழந்தைச் செல்வம் அல்லாஹ்வின் மாபெரும் அருட்கொடை. அந்தக் குழந்தை மடியில் வந்து சேரும் முன்பே வயிற்றிலேயே இறந்துபோனால் ஒரு குடும்பம் படும் வேதனையைச் சொல்லி மாளாது. நம் ஊர்களில் இந்த வேதனையோடு பழியும் சேர்ந்துகொள்கிறது. "மாடிப்படி ஏறினாள்", "பப்பாளி சாப்பிட்டாள்", "மஃரிபுக்குப் பிறகு வெளியே போனாள்" என்று, படுத்துக் கிடக்கும் பெண்ணின் காதுபடவே பேசுகிறார்கள்.

உண்மை நிலை வேறு. கருவுற்றது தெரிய வந்த பெண்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவு ஏற்படுகிறது. முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம்களில் இருக்கும் கோளாறால் நேர்பவை. அந்தப் பெண் எதையும் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ அவை நேர்வதில்லை.

கண்ணேறு உண்மை என்று ஹதீஸ்களில் வந்துள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லா இழப்புகளையும் கண்ணேறின் மீது போட்டுவிட்டு, மருத்துவக் காரணத்தைத் தேடாமல் இருந்துவிடுவது மார்க்கம் கற்றுத் தந்த வழி அல்ல. ஏனெனில் மீதமுள்ள காரணங்களில் சில, நம்மால் தடுக்கக் கூடியவை. கர்ப்பிணிக்கு வரும் வைரஸ் தொற்றுகள் அவற்றுள் முக்கியமானவை. அவற்றிலும் ரூபெல்லாவை ஒரு தடுப்பூசியால் ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தடுப்பூசியைக் கர்ப்பம் உண்டாகும் முன்பே போட்டாக வேண்டும். ஆகவேதான் இதை நிக்காஹ் பேசும் வீடுகளில் பேச வேண்டிய செய்தியாக நாம் கருதுகிறோம்.

சிட்னியில் தெரிய வந்த உண்மை

ரூபெல்லாவை ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். நெடுங்காலமாக அது யாரும் பொருட்படுத்தாத லேசான நோயாகவே இருந்தது. 1941-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரை உள்ள கைக்குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக வருவதைக் கவனித்தார். காத்திருப்பு அறையில் தாய்மார்கள் இருவர், கர்ப்பத்தின்போது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று மருத்துவ வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவர் விசாரித்துத் தொகுத்த 78 குழந்தைகளில் 68 குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது.

தாய்க்கு வரும் லேசான நோய் கருவைச் சிதைக்கும் என்பதை அன்று பல மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். 1964-65-ல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லா அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. அந்நாட்டில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேருக்கு நோய் வந்தது. கருச்சிதைவாலும் கருக்கலைப்பாலும் சுமார் 11,000 கர்ப்பங்கள் முடிவுக்கு வந்தன. சுமார் 2,100 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. சுமார் 20,000 குழந்தைகள் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு போன்ற பாதிப்புகளுடன் பிறந்தன. 1969-ல் அங்கே தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. 2015-ல் அமெரிக்கக் கண்டம் முழுவதும் ரூபெல்லா ஒழிக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அத்தனை குழந்தைகளைப் பறித்த நோய் ஒரு தடுப்பூசியால் அங்கிருந்து அகன்றது.

நோயை எப்படி அறிவது?

தட்டம்மை வேறு, சின்னம்மை வேறு, ரூபெல்லா வேறு. நம் வீடுகளில் உடம்பில் எது பூத்தாலும் "அம்மை போட்டிருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் பல சமயம் என்ன நோய் என்பதே தெரியாமல் போகிறது.

ரூபெல்லாவில் லேசான காய்ச்சல் இருக்கும். முகத்தில் தொடங்கி உடல் முழுவதும் இளஞ்சிவப்புத் தடிப்புகள் பரவும். காதின் பின்புறமும் பிடரியிலும் நெறி கட்டும். வயது வந்த பெண்களுக்கு மூட்டு வலியும் வரலாம். பெரும்பாலும் மூன்று நாட்களில் தடிப்பு மறைந்துவிடும். தொற்று ஏற்பட்டவர்களில் பலருக்கு, சில கணக்கெடுப்புகளின்படி பாதிப் பேர் வரை, எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தடிப்பு தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்கு நோயைப் பரப்பக் கூடும். இருமல், தும்மலால் இது பரவுகிறது. எனவே நோயாளியை விட்டு விலகியிருப்பது மட்டும் கர்ப்பிணிக்குப் போதுமான பாதுகாப்பு ஆகாது. யார் நோயாளி என்பதே தெரியாது அல்லவா?

கருவறையில் என்ன நடக்கிறது?

தாயின் இரத்தத்தில் கலந்த வைரஸ் முதலில் நஞ்சுக்கொடியைத் தாக்குகிறது. அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது. அங்கிருந்து கருவுக்குள் நுழைந்து, உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் வேளையில் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. சில சமயம் கரு அங்கேயே இறந்துவிடுகிறது. சில சமயம் மாதங்கள் கடந்த பிறகு குழந்தை இறந்து பிறக்கிறது. உயிருடன் பிறக்கும் குழந்தைக்குக் கண், காது, இதயம், மூளை ஆகியவற்றில் நிரந்தரப் பாதிப்பு இருக்கலாம்.

எந்த வாரத்தில் தொற்று ஏற்படுகிறது என்பதுதான் ஆபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது கருக்களுக்கு வைரஸ் கடந்துவிடக் கூடும். அவற்றில் பெரும்பாலானவை பாதிப்புக்கு உள்ளாகின்றன. 12 வாரங்களுக்குப் பிறகு ஆபத்து படிப்படியாகக் குறைகிறது. 20 வாரங்களுக்குப் பிறகு உறுப்புக் குறைபாடு ஏற்படுவது மிக அரிது. ஆக, மிகவும் ஆபத்தான வாரங்கள், பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பது உறுதியாகாத, அல்லது உறுதியாகியும் குடும்பத்தாரிடம் சொல்லாத வாரங்களே. அந்த நேரத்தில் தற்காப்பைத் தொடங்க முடியாது.

மற்ற வைரஸ்கள்

ரூபெல்லா மட்டுமல்ல, வேறு சில வைரஸ்களும் கருவுக்கு ஆபத்தானவை.

பார்வோ வைரஸ் பி19: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்து வரும் நோய் இது. கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்கு வந்தால் கருவுக்குக் கடும் இரத்தசோகை ஏற்பட்டு இறக்கவும் நேரிடலாம். ஸ்கேனில் உரிய நேரத்தில் கண்டறிந்தால் கருவறையிலேயே குழந்தைக்கு இரத்தம் ஏற்றிக் காப்பாற்றும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

சின்னம்மை: 20 வாரங்களுக்கு முன்பு வந்தால் 2 சதவீதம் வரை குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். தாய்க்கு நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு. வேப்பிலை வைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

சி.எம்.வி.: சிறு குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவுகிறது. மூத்த பிள்ளைக்கு உடை மாற்றிய பின்பும் மூக்கைத் துடைத்த பின்பும் கையைச் சோப்பால் கழுவுவது, அதன் எச்சில் பட்ட உணவைச் சாப்பிடாமல் இருப்பது நல்ல தடுப்பு.

மஞ்சள் காமாலை ஈ வகை: அசுத்தமான குடிநீரால் வருகிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகக் குணமாகும். கடைசி மூன்று மாதங்களில் உள்ள கர்ப்பிணிக்கு வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை தாயே உயிரிழக்கும் ஆபத்து உள்ளது. குழந்தை இறந்து பிறப்பதும் அதிகம். கொதித்து ஆறிய நீரையே கர்ப்பிணிக்குக் கொடுங்கள். வலீமா போன்ற விருந்துகளிலும் இதில் கவனம் தேவை.

கொரோனா: 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களை ஆராய்ந்தபோது, தொற்று இருந்த தாய்மார்களிடம் 1.26 சதவீதமும், தொற்று இல்லாதவர்களிடம் 0.64 சதவீதமும் குழந்தைகள் இறந்து பிறந்தது தெரிந்தது. டெல்டா வகை பரவிய மாதங்களில் ஆபத்து இன்னும் கூடியிருந்தது.

'டார்ச்' பரிசோதனை குறித்த குழப்பம்

கரு கலைந்த பல பெண்களிடம் 'டார்ச்' என்ற இரத்தப் பரிசோதனை அறிக்கை இருக்கும். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சி.எம்.வி., ஹெர்பிஸ் ஆகிய கிருமிகளுக்கான பரிசோதனை அது. அதில் 'ரூபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இரத்தத்தில் கிருமி இருக்கிறதாம்" என்று அந்தப் பெண்ணை நோயாளியாக்கி விடுகிறார்கள். சிலர் பிறந்த வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார்கள்.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் முன்பு எப்போதோ நோய் வந்ததாலோ தடுப்பூசி போட்டதாலோ உடலில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று பொருள். ரூபெல்லாவைப் பொறுத்தவரை அது கவலைப்பட வேண்டிய செய்தி அல்ல, நிம்மதி தரும் செய்தி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்பது அண்மைத் தொற்றைக் காட்டலாம். ஆனால் அது பல சமயம் தவறாகவும் வரும். அதனால் இரண்டு, மூன்று வார இடைவெளியில் மறுபரிசோதனை செய்யாமல், ஒரே அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். ரூபெல்லா ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்பு சக்தி கிடைத்துவிடுகிறது. ஆகவே திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு அது காரணமாக இருப்பதில்லை. அத்தகைய பெண்ணுக்கு வேறு பரிசோதனைகள் தேவை. கணவருக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

தடுப்பூசி: யாருக்கு, எப்போது?

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை அது போடப்பட்டது. அதன் பிறகு எம்.ஆர். தடுப்பூசி அரசின் வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது. 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதங்களுக்குள் இன்னொன்று என இரு தவணைகளாக இலவசமாகப் போடப்படுகிறது.

அந்த முகாமின்போது 15 வயதைக் கடந்திருந்த பெண்கள், அதாவது 2002-க்கு முன் பிறந்தவர்கள், அதில் இடம்பெறவில்லை. தனியார் மருத்துவமனையில் எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தாலோ, சிறு வயதில் ரூபெல்லா வந்திருந்தாலோ அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும். இல்லையென்றால் இருக்காது. இன்று நிக்காஹ் முடிந்து முதல் குழந்தையையோ இரண்டாவது குழந்தையையோ எதிர்பார்க்கும் வயதில் இருப்பவர்களில் பலர் இவர்களே. 2017-ல் வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று மறுத்த பெற்றோர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுமிகளும் இப்போது மணப்பெண்களாகி வருகிறார்கள்.

தடுப்பூசி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருப்பவருக்குப் போட்டாலும் தீங்கில்லை. போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டது என்பதால் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. கருவுற்றிருப்பது தெரியாமல் போட்டுவிட்டாலும் பயந்து கருவைக் கலைக்கத் தேவையில்லை. அப்படிப் போடப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், தடுப்பூசியால் பிறவி ரூபெல்லா நோய் வந்ததாகக் கண்டறியப்படவில்லை. கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி இல்லை என்று தெரிந்தவர், பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. மலட்டுத்தன்மை ஏற்படும் என்பது ஆதாரமற்ற வதந்தி.

அண்டை நாடான இலங்கை 1996-லேயே, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு ரூபெல்லா தடுப்பூசியைத் தொடங்கியது. 2020 ஜூலையில் இலங்கையும் மாலத்தீவும் தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாலத்தீவு முழுக்க முஸ்லிம்கள் வாழும் நாடு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஹலாலா, ஹராமா?

சில தடுப்பூசிகளில் பன்றியிலிருந்து பெறப்பட்ட ஜெலட்டின் பயன்படுகிறது என்பதால் நம் மக்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம் ஈமானிலிருந்து வருவது. அதைக் கேலி செய்யக் கூடாது, பதில் சொல்ல வேண்டும்.

உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில் 2018-ல் இதே கேள்வி எழுந்தது. இந்தியாவில் தயாரான எம்.ஆர். தடுப்பூசியை அந்நாட்டு உலமா சபை ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்பட்டிருப்பதால் அடிப்படையில் அது ஹராம் என்று சொன்ன அதே ஃபத்வா, ஹலாலான மாற்று கிடைக்காததாலும், தடுப்பூசி போடாவிட்டால் ஏற்படும் ஆபத்தை நம்பகமான மருத்துவர்கள் உறுதிப்படுத்தியதாலும், நிர்ப்பந்த நிலையில் அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு என்று தீர்ப்பளித்தது. 1995-ல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்கள், முற்றிலும் வேறு பொருளாக உருமாறிய ஜெலட்டின் தூய்மையானதே என்று கூறினார்கள். இரு தரப்பாரின் வாதங்களும் வேறு வேறு. ஆனால் இரண்டுமே தடுப்பூசி போட்டுக்கொள்ள வழி விடுகின்றன.

தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தால்

கர்ப்பிணி ஒருவர், உடம்பில் தடிப்பு உள்ளவருடன் ஒரே அறையில் இருந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. முதலில் மருத்துவருக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லுங்கள். மற்ற கர்ப்பிணிகள் அமர்ந்திருக்கும் கூடத்தில் போய் உட்காராதீர்கள். இரத்தப் பரிசோதனையில் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருப்பது தெரிந்தால் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை செய்வார்கள். ரூபெல்லாவைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தவிர வேறெதையும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

முதல் மாதங்களில் தொற்று உறுதியானால் கருவைக் கலைப்பது பற்றி மருத்துவர் பேசக் கூடும். அது மிகவும் கனமான முடிவு. 1990-ல் மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹு சபை, நம்பகமான சிறப்பு மருத்துவர்கள் குழு ஆய்வு செய்து, சிகிச்சையால் சரிசெய்ய முடியாத கடுமையான குறைபாடு கருவுக்கு இருப்பதாக உறுதி செய்தால், பெற்றோரின் விருப்பப்படி 120 நாட்களுக்கு முன் கலைக்க அனுமதி உண்டு என்று கூறியது. 120 நாட்களுக்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி அனுமதி இல்லை. சந்தேகத்தின் பேரில் அவசரப்பட்டு முடிவெடுக்காமல், மருத்துவரையும் ஆலிமையும் கணவனும் மனைவியும் சேர்ந்தே சந்தியுங்கள்.

இழந்த தாய்க்கு

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) பாலகராக இருக்கும்போதே இறந்தார். நபியவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்தால்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அதைத் திருத்தினார்கள். தம் மகனை அடக்கம் செய்த துயரத்திலும் தவறான காரணம் மக்களிடையே பரவ அவர்கள் இடம் தரவில்லை. கரு கலைந்த பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து காரணம் கற்பிப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. அழுவது பொறுமைக்கு மாறானது அல்ல என்ற ஆறுதலும் இருக்கிறது.

சிறு பிராயத்தில் இறந்த பிள்ளைகள் பெற்றோர் சுவனம் செல்லக் காரணமாவார்கள் என்ற நற்செய்தி ஹதீஸ்களில் உள்ளது. நான்கு மாதம் நிறைந்த பின் இறந்த குழந்தையின் உடலை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக் கண்ணியமாக அடக்கம் செய்யுங்கள். ஜனாஸா தொழுகை, பெயர் சூட்டுதல், தாயின் நிஃபாஸ் ஆகியவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

ஜமாஅத்கள் செய்யக் கூடியது

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் பயணம் செய்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லக் கூடாது, அங்கிருப்பவர் வெளியேறவும் கூடாது என்ற நபிமொழியும் அப்போதே எடுத்துச் சொல்லப்பட்டது. தற்காப்பு தவக்குலுக்கு முரணானது அல்ல.

நிக்காஹ் பதிவுக்குக் குடும்பத்தார் ஜமாஅத் அலுவலகத்துக்கு வரும்போது, மணப்பெண் ரூபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பார்க்கும்படி ஒரு சிறு துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். அதை நிபந்தனை ஆக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும். பெண்கள் மதரஸாக்களிலும் நம் சமுதாயக் கல்லூரிகளிலும் மருத்துவர்களை அழைத்துப் பேச வைக்கலாம். உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் உள்ள பிள்ளைகளைத் திருமண வீடுகளுக்கும் குழந்தை பார்க்கும் வீடுகளுக்கும் அழைத்துச் செல்லாதீர்கள் என்று ஜும்ஆ உரையில் ஒரு வரி சொல்லலாம்.

மகளுக்கு நகையும் சீரும் சேர்க்கும் பெற்றோரே, அவளுடைய தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் நிக்காஹ்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவளுக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கும்.

குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு வல்ல ரஹ்மான் அழகிய பொறுமையையும் சிறந்த பகரத்தையும் தருவானாக! நம் சந்ததிகளை நோய்களிலிருந்து காப்பானாக! ஆமீன்.